தம்புரா போட வந்த எழுத்தாளர்

“டீச்சர், எனக்குக் காது போயிடுச்சு.”

“டாக்டரைப் பாருங்க சார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே ஒருத்தர் இருக்கார்.”

“அந்தக் காது இல்ல. என் கதையில யாரும் பேச மாட்டேங்கறாங்க.”

உமையாள் டீச்சர் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார்.

“உள்ள வாங்க. பனியில நிக்காதீங்க.”

வந்தவருக்கு வயது அறுபத்து மூன்று. டீச்சருக்கு முப்பத்தைந்து. கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறவர். பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால், காலை ஏழு மணிக்கு, வீட்டில் தனக்காகப் பாடுவார்.

வந்தவர் பெயர் மாசிலாமணி. பதினோரு நாவல் எழுதியவர். அவர் கதையில் ஒரு பெண் வாயைத் திறந்தால் படிக்கிறவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ‘எங்க அத்தை பேசறதை எப்ப சார் வந்து ஒட்டுக் கேட்டீங்க?’ என்று கடிதம் போடுவார்கள். அந்தப் பெயருக்குத்தான் இந்த மார்கழியில் ஆபத்து வந்திருந்தது.

மற்றபடி எல்லாம் வழக்கம்போலத்தான் நடந்துகொண்டிருந்தது. ஐந்தரைக்கு எழுவார். குரங்குக் குல்லாயை மாட்டுவார். பால் சேர்க்காத டீ ஒரு டம்ளர். பிறகு டேப் ரெக்கார்டரில் வீணை கேசட். கேசட்டின் முதல் பக்கம் ஓடும்வரை ஏதாவது புத்தகம் படிப்பார். இரண்டாம் பக்கம் போட்டால் எழுத்து. முப்பது வருஷமாக இதுதான் ஒழுங்கு. ஜன்னலுக்கு வெளியே புல்தரையெல்லாம் உப்பைக் கொட்டி வைத்தது போல உறைந்து கிடக்கும். விரல் விறைத்தால் டம்ளரைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்.

இப்போதும் கேசட் ஓடியது. பேனா ஓடவில்லை. நாவலில் இரண்டு பெண்கள் அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மூன்று வாரமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியாவது ‘உப்பு எங்கே’ என்று கேட்கவேண்டுமே!

“பாட்டுக் கத்துக்கிட்டா காது திரும்பும்னு தோணுது டீச்சர்.”

டீச்சர் அவர் சட்டைப் பையைப் பார்த்தார். பேனா இருந்தது. ஸ்வெட்டர் பையைப் பார்த்தார். சின்ன நோட்டு ஒன்று தலையை நீட்டியிருந்தது.

“பாட்டு வேண்டாம். தம்புரா போடுங்க.”

தம்புராவை எடுத்து அவர் மடியில் நிறுத்தினார். நாலு தந்தி. நடுவிரலால் ஒன்று, ஆள்காட்டி விரலால் மூன்று. திரும்ப முதலிலிருந்து.

“நான் பாடும்போது நிறுத்தக் கூடாது.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

மாசிலாமணி தந்தியில் விரல் வைத்தார். டீச்சர் கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தார். நாலு வரி போனதும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வது போல, “இந்தக் குளிருக்குக் குரல்கூடப் போர்வை கேக்குது” என்றார்.

தம்புரா நின்றது.

டீச்சர் கண்ணைத் திறந்தார். மாசிலாமணி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிஷம் டீச்சர். ரொம்ப நல்லாச் சொன்னீங்க.”

அவர் எழுதி, மூடி, பையில் வைக்கும்வரை டீச்சர் காத்திருந்தார்.

“இன்னிக்குப் போதும் சார்.”

இரண்டாம் நாளும் அதே கதை. மூன்றாம் நாள் டீச்சர் பாட்டின் நடுவில் ஒரு தும்மல் போட்டார். அந்தத் தும்மல் நம் எழுத்தாளருக்கு ரொம்பவும் பிடித்துப் போயிற்று. கை தன்னால் பேனாவுக்குப் போனது.

“இன்னிக்குப் போதும் சார்.”

நான்காம் நாள் அவர் தம்புராவை மடியில் வாங்கும்போதே டீச்சர் கேட்டார்.

“நேத்து நான் என்ன பாடினேன்?”

இதென்ன பெரிய விஷயம் என்று மாசிலாமணி நோட்டைப் பிரித்தார்.

“‘இடது கால் உறையில் கட்டைவிரல் தெரிகிறது. தும்மல், பூனை தும்மினது போல. தும்மியதும் யாரும் பார்த்தார்களா என்று ஒரு பார்வை.’”

“பாட்டு?”

அடுத்த பக்கத்தைப் பார்த்தார். அதற்கு முந்தின பக்கத்தையும் பார்த்தார். பாட்டு எங்கேயும் இல்லை.

டீச்சர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அவர் திட்டவில்லை. சுக்குக் காப்பி கொடுத்தார்.

அன்று முதல் மாசிலாமணி நோட்டை டீச்சர் வீட்டு ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார ஆரம்பித்தார். பேனா மட்டும் பையிலேயே இருந்தது. அதையும் கழற்றி வைக்க மனசு வரவில்லை. டீச்சர் பாடும்போது கை தந்தியில் இருக்கும், மனசு பேனாவைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் இந்த இழுபறிதான்.

பன்னிரண்டாம் நாள் கடும் குளிர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று டீச்சர் சொன்னார். விரல் தந்தியில் பட்டதே மாசிலாமணிக்குத் தெரியவில்லை. டீச்சர் ஏதோ ஒரு பாட்டை எடுத்தார், மெதுவாக மேலே போனார், அங்கேயே நின்றார். பிறகு இறங்கினார். ஜன்னல் கண்ணாடியில் இருந்த பனி கரைந்து வழிய ஆரம்பித்தது. வெயில் தரைக்கு வந்தது.

பாட்டு முடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் தம்புரா நின்றது.

மாசிலாமணியின் கை பேனா பக்கம் போகவே இல்லை. மார்பு நிறைந்து போயிருந்தது.

“வீட்ல யார் இருக்காங்க சார்?”

“நானும் வீட்டுக்காரியும்தான்.”

“நீங்க தம்புரா போட வர்றதுக்கு அம்மா என்ன சொல்றாங்க?”

“அவ ஒண்ணும் சொல்றதில்ல.”

“எத்தனை நாளா?”

இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை. அவரே கேட்டுக்கொண்டதும் இல்லை.

“தீபாவளியிலேருந்து.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

அவர் கதையில் பேசிய பெண்கள் எல்லோரும் ஒரே பெண்தான். மனைவி புனிதவதி. அவள் மாவாட்டும்போது பேசியது, துணி காயப்போடும்போது பேசியது, போர்வைக்குள் பேசியது, எல்லாம் நோட்டுக்குப் போய், நோட்டிலிருந்து நாவலுக்குப் போனது. முப்பது வருஷத்தில் அவள் அதற்கு ஒரு முறைகூட முகம் சுளித்ததில்லை. ‘என் பேச்சையும் நாலு பேர் படிக்கிறாங்களே’ என்று சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் புனிதவதியின் அம்மா இறந்துபோனாள். காரியமெல்லாம் முடிந்து வீடு திரும்பின பிறகு, ஒரு மத்தியானம், அவள் அவரிடம் ஒன்று சொன்னாள். பிணம் கூடத்தில் கிடக்கிறது. அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. எல்லோரும் அழுகிறார்கள். அவளுக்கோ பசி வயிற்றைக் கிள்ளியது. அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முதல்நாள் அம்மா ஆக்கி வைத்திருந்த பழைய சோற்றை நின்றபடியே தின்றாள். நார்த்தங்காய் ஊறுகாயை நக்கிக்கொண்டு தின்றாள். அப்படி ஒரு ருசி. தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு, வந்து உட்கார்ந்து அழுதாள்.

இதை இந்தத் தீபாவளி மலரில் மாசிலாமணி கதையாக எழுதினார். ஆள் தெரியாமல் இருக்க வேண்டும் என்று எவ்வளவோ ஜாக்கிரதையாகத்தான் எழுதினார். புனிதவதியை ராஜம்மாள் ஆக்கினார். நார்த்தங்காயை மாங்காய் ஆக்கினார். எழுத்தாளர்கள் இதைத்தான் மறைப்பது என்று சொல்வார்கள். மலர் வந்த மறுநாளே அவள் தம்பி போன் செய்து, “அக்கா, அது நீதானே?” என்று கேட்டுவிட்டான்.

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டார்.

“அச்சுல பார்த்துட்டு அவங்க என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. மலரை மூடி வச்சுட்டு அரிசி களையப் போயிட்டா.”

“நீங்க என்ன பண்ணினீங்க?”

மாசிலாமணி தம்புராவின் குடத்தைப் பார்த்தார்.

“எழுதி வச்சீங்களா?”

“ஆமா.”

“என்னன்னு?”

“‘மலரை மூடி வைத்துவிட்டு அரிசி களையப் போனாள்.’”

சொல்லி முடித்ததும் அவருக்கே காது சுட்டது.

டீச்சர் எழுந்து அவர் மடியிலிருந்து தம்புராவை வாங்கினார். உறையில் போட்டுக் கயிற்றைக் கட்டினார்.

“நாளையிலேருந்து வர வேண்டாம் சார்.”

“டீச்சர், நான் இன்னும் சரியாப் போடவே ஆரம்பிக்கல.”

“இன்னிக்குப் போட்டீங்க. பக்கத்துல ஆள் இருக்கறதே தெரியல. பாட்டு தன்னால வந்துச்சு.”

“அப்ப என் காது?”

டீச்சர் கையை நீட்டினார்.

“பேனாவைக் குடுங்க.”

கொடுத்தார். டீச்சர் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை எடுத்து, அந்தப் பேனாவாலேயே தேதி போட்டுப் பார்த்தார்.

“நல்லா எழுதுது. என்கிட்டயே இருக்கட்டும்.”

வீட்டுக்கு நடக்கும்போது இரண்டு முறை கை பையைத் தடவிப் பார்த்தது. தேயிலைத் தோட்டத்துக்கு மேலே பனி விலகிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததுமே மூன்று பேனா கண்ணில் பட்டன. ஒன்று ஜன்னலில், ஒன்று டேப் ரெக்கார்டர் மேல், ஒன்று படித்துக் கவிழ்த்து வைத்த புத்தகத்துக்குள். எழுத்தாளர் வீட்டில் பேனாவுக்கா பஞ்சம்? மூன்றையும் பார்த்துக்கொண்டே அவர் பின்பக்கம் போனார்.

புனிதவதி வெயிலில் உட்கார்ந்திருந்தாள். கடையில் வாங்கிய கம்பளி நூல் பெரிய வளையமாக இருந்தது. அதை உருண்டையாகச் சுற்றினால்தான் பின்ன முடியும். வளையத்தை நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு, நுனியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். இழுக்க இழுக்க நாற்காலி சாய்ந்தது. அவள் காலால் அதை மிதித்துப் பிடித்துக்கொண்டு இழுத்தாள்.

மாசிலாமணி நாற்காலியிலிருந்து நூலைக் கழற்றினார். அவளுக்கு எதிரே ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

அவள் அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். ஸ்வெட்டர் பையைப் பார்த்தாள். பிறகு காதிடுக்கைப் பார்த்தாள்.

“இல்ல” என்றார்.

அவள் நூல் வளையத்தை வாங்கி அவருடைய இரண்டு மணிக்கட்டிலும் மாட்டினாள்.

நூல் ஓடியது. அவர் கையை நூல் போகிற பக்கம் இப்படியும் அப்படியும் சாய்த்துக் கொடுத்தார். உருண்டை நெல்லிக்காய் அளவு ஆயிற்று. எலுமிச்சங்காய் அளவு ஆயிற்று. அவர் எதுவும் கேட்கவில்லை.

“அன்னிக்கு அம்மா விஷயம் உங்ககிட்டச் சொன்னேனே” என்றாள் புனிதவதி, நூலைப் பார்த்துக்கொண்டே.

“ம்.”

“சொல்லிட்டு ஒண்ணு கேட்டேன். ஞாபகம் இருக்கா?”

மாசிலாமணி யோசித்தார். அந்த மத்தியானம் அவருக்கு வரிக்கு வரி பாடம். சோற்றுப் பானை இருந்தது, சாத்தின கதவு இருந்தது, ஊறுகாய் இருந்தது. கேள்வி என்று ஒன்று நோட்டிலும் இல்லை, கதையிலும் இல்லை.

“என்ன கேட்ட?”

“‘நான் பண்ணினது தப்பாங்க?’ன்னு கேட்டேன். நீங்க ‘இரு, இரு’ன்னுட்டு எழுந்து போய்ப் பேனாவைத் தேடினீங்க.”

நூல் ஓடிக்கொண்டே இருந்தது.

“நீங்க எழுதி முடிச்சுட்டுச் சொல்வீங்கன்னு இருந்தேன். ஒன்பது வருஷம் இருந்தேன். மலர்ல கதையைப் பார்த்ததும் கடைசிப் பக்கத்தைத்தான் முதல்ல புரட்டினேன். அதுலயாவது பதில் இருக்கும்னு.”

பதினோரு நாவலில் எத்தனையோ பேருக்கு வசனம் எழுதிக் கொடுத்த மனுஷனுக்கு ஒரு வார்த்தை வரவில்லை. எழுந்து ஓடலாம் என்றால் இரண்டு கையும் கட்டுண்டு கிடந்தன. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்த முன்முடி, வெயிலுக்குச் சுருங்கிய கண், நூலைப் பிடித்திருந்த விரல்.

“தப்பில்ல, புனிதா.”

அவள் சுற்றுவதை நிறுத்தினாள்.

“உங்கம்மா கண்ணைத் திறந்திருந்தா, ‘பசியோடயா உட்கார்ந்திருக்க’ன்னு எழுந்து வந்து, அவங்களே போட்டிருப்பாங்க.”

புனிதவதி தலையை ஆட்டினாள், ஆமாம் ஆமாம் என்பது போல. அவருக்குக் கண்ணீர் வழிந்து மீசைக்கு வந்துவிட்டது. துடைத்துக்கொள்ள ஒரு கையைத் தூக்கினார்.

அவள் அந்தக் கையைப் பிடித்துப் பழையபடி இறக்கி வைத்தாள். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

“கையை ஆட்டாதீங்க. நூல் சிக்கிடும்.”