பச்சோந்தி ஏறிய எருமை

ஆற்றில் வெள்ளம் வந்தால் பாதி முழுகிப்போகும் காடு ஒன்று இருந்தது, பிள்ளைகளே. மழைக்காலம் தொடங்கியதும் எலி, அணில், ஓணான் எல்லாம் எருமைகளின் முதுகில் ஏறி அக்கரை மேட்டுக்குப் போகும். எருமைகள் சாதுவானவை. யார் ஏறினாலும் முகம் சுளிக்காமல் நீந்தும்.

நடு ஆற்றில் ஏதாவது ஓர் எருமை களைத்துத் தாழ்ந்தால், அதன் மேல் இருப்பவர்களை வேறு எருமைக்கு மாற்ற வேண்டும். அந்தப் பொறுப்பு பச்சோந்தியுடையது. அதன் ஒரு கண் முன்னே பார்க்கும், மறு கண் பின்னே பார்க்கும். அது குரல் கொடுத்தால் பக்கத்து எருமை ஒட்டி வரும், எல்லோரும் தாவிவிடுவார்கள். கெட்டிக்காரப் பச்சோந்திதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தலைக்கனம் பிடித்தது. தன் உத்தரவு இல்லாமல் எந்த எருமையும் வரிசை மாறக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தது.

அந்த வருடம் பச்சோந்தி ஏறிய எருமையிலேயே ஒரு சுண்டெலியும் ஏறியது, கண் திறக்காத மூன்று குட்டிகளோடு. பிள்ளைக்காரிக்குப் பயம் இருக்கத்தானே செய்யும்? புறப்படும் முன்பே வாய்விட்டுக் கேட்டது.

"ஐயா, நீங்களும் எருமை மேலதான் வர்றீங்க. இந்த எருமையே தாழ்ந்துட்டா எங்களை மாத்தச் சொல்லி யாரு குரல் கொடுப்பா?"

பச்சோந்திக்குக் கோபத்தில் நிறம் மாறியது. "நான் ஏறின எருமை எப்படித் தாழும்? உன் வேலையைப் பாரு," என்றது. மற்றவர்களும் சுண்டெலியைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அது கேட்டதில் என்ன தப்பு?

நடு ஆற்றில் ஒரு சுழல் இருந்தது. அது பச்சோந்தி ஏறிய எருமை என்று பார்க்குமா? காலைப் பிடித்து இழுத்தது. எருமையின் பின்பக்கம் முழுகியது. பச்சோந்தி சறுக்கித் தண்ணீருக்குள் விழுந்து, வாலைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறியது. அதன் குரல் நின்றுபோனது.

அப்புறம் நடந்ததைக் கேட்டால் உங்களுக்கும் ஆத்திரம் வரும். பக்கத்து எருமை எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தது. பார்த்துக்கொண்டே நேராக நீந்தியது. சுண்டெலி குட்டிகளை இழுத்துப்போய்க் கொம்பின் வளைவில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் வரச் சொல்லிக் கெஞ்சியது.

"உத்தரவு வரலையே," என்றது பக்கத்து எருமை.

"உத்தரவு போடுறவரே தண்ணிக்குள்ள கிடக்காரு. அவரு எப்படிப் போடுவாரு? உங்களுக்குக் கண்ணு இல்லையா?"

எருமைக்கு வெட்கமாகப் போய்விட்டது. வரிசையை விட்டு ஒட்டி வந்தது. சுண்டெலி ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு தாவியது. மூன்றாவதைத் தூக்குவதற்குள் அது தண்ணீரில் நனைந்து விறைத்துப்போயிருந்தது. மற்றவர்களும் தாவி முடித்ததும், பாரம் குறைந்த எருமை உதைத்து உந்திச் சுழலை விட்டு வெளியே வந்தது. வாலில் தொங்கிய பச்சோந்தியும் பிழைத்தது.

கரையேறியதும் பச்சோந்தி செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? நன்றி சொல்லவில்லை. குட்டிகள் எப்படி இருக்கின்றன என்று கேட்கவில்லை. இருமிக்கொண்டே, "யாரைக் கேட்டு வரிசை மாறினீங்க?" என்று அதட்டியது.

சுண்டெலி மூன்றாவது குட்டியை நக்கி நக்கிச் சூடேற்றிக்கொண்டிருந்தது. அப்போதுதான் குட்டிக்கு மூச்சு வந்தது. சுண்டெலி தலை நிமிர்ந்தது.

"உங்களைத்தான் கேட்டிருக்கணும், ஐயா. உங்க வாயும் திறந்துதான் இருந்துச்சு. அதுக்குள்ள தண்ணி போயிக்கிட்டு இருந்துச்சு."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. இனிமேல் பக்கத்தில் எந்த எருமை தாழ்ந்தாலும் யாருடைய குரலுக்கும் காத்திருக்காமல் ஒட்டிப் போவது என்று எருமைகள் அங்கேயே பேசி முடிவு செய்தன. சட்டம் என்ன ஆவது என்று பச்சோந்தி நிறம் மாறி மாறிக் கத்தியது. எருமைகள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

நீதி: காப்பாற்றுகிறவரும் ஒருநாள் விழக்கூடும், அன்று அவர் சொல்லுக்காகக் காத்திராமல் உதவ வழி செய்து வையுங்கள்.