தேன்பாறைக்குத் தலையசைத்த கரடி

குழந்தைகளே, கதைக்கு முன் ஒரு பெரும்பிழையைத் திருத்தியாக வேண்டும். கரடிக்குத் தேன்தான் உணவு என்று உலகம் நெடுங்காலமாக நம்பி வருகிறது. பெரியவர்கள்கூட இதைக் கூசாமல் சொல்கிறார்கள். உண்மை அதுவன்று. நம் ஊர்க் கரடிக்குச் சோறு கறையான்; தேன் வெறும் பாயசம். பாயசத்தையே மூன்று வேளையும் குடித்து யாரும் உயிர் வாழ்ந்ததில்லை.

ஒரு காட்டில் தேன்பாறை என்று ஒரு பாறை இருந்தது. முறம் முறமாகத் தேனடைகள் அதில் தொங்கின. அவ்வளவு தேன் வேறெந்தக் காட்டிலும் கிடையாது. ஆனாலும் அங்கிருந்த கரடிகள் நாள்தோறும் புற்றைத் தோண்டிக் கறையான் தின்றே வாழ்ந்தன. ஆண்டுக்கு ஒருமுறை எல்லாம் கூடிப் பேசி, பாறையேறித் தேன் எடுக்கும். அது வழக்கம்.

ஒருநாள் பக்கத்துக் காட்டிலிருந்து இன்சொல்லன் என்ற நரி வந்தது. கரடிகளின் தலைவனான சடையன் புற்றடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, உங்கள் மூக்கெல்லாம் மண்! இவ்வளவு தேனுக்குச் சொந்தக்காரர் இப்படிப் புற்றைத் தோண்டலாமா?"

"தோண்டாமல் எதைத் தின்பது?"

"தேனை எனக்குக் கொடுங்கள். தினமும் பலாச்சுளை கூடை கூடையாக உங்கள் வாசலுக்கே வரும்."

"எல்லாரையும் கேட்க வேண்டுமே."

"எதற்கு அண்ணா? இருபது கரடி கூடினால் இருபத்தொரு யோசனை. நீங்கள் ஒருவர் தலையசைத்தால் போதும். தலையசைப்பவருக்குத் தனியாக ஒரு கூடை."

சடையனுக்கு அதுவரை யாரும் எதையும் தனியாகத் தந்ததில்லை. தலை தானாகவே அசைந்தது.

செய்தி கேட்டுக் காரி என்ற பெண்கரடி ஓடி வந்தது.

"மாமா, தேன்பாறை ஊருக்குப் பொது. யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்?"

சடையன் வாய் நிறையச் சுளையோடு சொன்னது: "உன்னைத் தோண்ட வேண்டாம் என்று நான் சொன்னேனா? ஆசை இருந்தால் தோண்டிக்கொள்."

"கறையான் கடிக்காவிட்டால் காரிக்குத் தூக்கம் வராதாம்!" என்று மற்ற கரடிகள் சிரித்தன.

காரி சில நாள் தனியாகத் தோண்டியது. எல்லாரும் நிழலில் படுத்துச் சுளை தின்னும்போது ஒருத்தி மட்டும் வெயிலில் எத்தனை நாள் தோண்டுவாள்? காரியும் விட்டுவிட்டது.

ஆண்டுகள் போயின. புதிதாகப் பிறந்த குட்டிகள் புற்றைக் குன்று என்று நினைத்தன. கரடிகளுக்குள் சண்டை மட்டும் குறையவில்லை. யார் தலையசைப்பது என்பதே சண்டை. சடையனை அதன் தம்பி அடித்து விரட்டியது. நரி இருவரையும் அன்போடு விசாரித்துவிட்டு, தனிக் கூடையைத் தம்பிக்கு அனுப்பியது.

ஓர் ஆண்டு நரி வந்து உதட்டைப் பிதுக்கியது.

"தலைவரே, வேறு காடுகளிலும் இப்போது தேன் மலிந்துவிட்டது. இனிமேல் கூடையில் கால்வாசிதான்."

"அப்படியானால் தேன் தர மாட்டோம்!"

"வேண்டாம். நீங்களே வைத்துக் குடியுங்கள்."

கரடிகள் மூன்று நாள் தேனையே குடித்தன. நான்காம் நாள் காடு முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டது.

காரிக்கு இரண்டு குட்டிகள். பசியில் அவை அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன. காரி அவற்றை ஒரு புற்றுக்கு இழுத்துக்கொண்டு போய், பழக்கம் விட்டுப்போன நகத்தால் எப்படியோ அதைப் பிளந்தது. உள்ளே கறையான் கொழுகொழுவென்று நெளிந்தது.

"வாயைக் குவித்து உறிஞ்சுங்கள்!"

குட்டிகள் உறிஞ்சின. கறையான் மூக்குக்குள் ஏறியது. தும்மிக்கொண்டு பின்னால் விழுந்தன.

"மூக்குத் துளையை மூடிக்கொண்டு உறிஞ்ச வேண்டும், கண்ணுகளா!"

"மூக்கை எப்படியம்மா மூடுவது?"

காரி மூடிக் காட்டியது. குட்டிகள் கண்ணை மூடின; காதை மடக்கின; மூக்கு மட்டும் மூடவில்லை. பால்குடி நாளிலேயே பழக வேண்டிய வித்தை அது. சொல்லிக் கொடுக்கக் காரியிடம் சொல் இல்லை.

அதற்குள் சடையனின் தம்பி கால்வாசிக் கூடைக்கே மறுபடி தலையசைத்திருந்தது. மாலையில் காரி நரியிடம் போய் நின்றது.

"வா தங்கச்சி," என்றது நரி. "தேன்குடம் சுமக்க எனக்கும் ஆள் வேண்டியிருக்கிறது. குட்டிகளை அனுப்பு."

நரி முன்கூட்டியே கொடுத்த சுளையில் தெம்பு வந்து, மறுநாள் காரியின் குட்டிகள் தேன்பாறையிலிருந்து ஆளுக்கொரு குடத்தைச் சுமந்துகொண்டு பக்கத்துக் காட்டுக்குப் புறப்பட்டன. கூலி, குடத்துக்கு இரண்டு சுளை.

நீதி: ஊர்ச் சொத்தை ஒருவரே தலையசைத்துக் கொடுத்துவிட்டால், ஊராரின் கைத்திறனும் அதோடு போய்விடும்.