நூன்சியோவின் சிவப்புப் பிடி

குரு என்றால் கிழவர், சீடன் என்றால் இளைஞன் என்றொரு நம்பிக்கை நெடுங்காலமாக உலவிவருகிறது. இது பிழை. தாடி குருவுக்குத்தான் இருக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய பிழை. இவ்விரண்டையும் திருத்தாமல் மேலே ஓர் அடி வைக்க முடியாது.

நியூ ஜெர்சியில் இத்தாலியர்கள் நிறைந்த ஒரு தெரு. அங்குள்ள சின்னக் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சாமியார் சுவக்கின். தூத்துக்குடிக்காரர், நாற்பத்தைந்து வயது, மழித்த முகம். அவரிடம் பாடம் கேட்டு, பூசையில் உதவவும் பிரசங்கம் செய்யவும் திருத்தொண்டரானவர் அல்டோ. எழுபது வயது. பள்ளியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர். தாடி அவருக்குத்தான்.

அந்தத் தெருவின் பிளம்பர் நூன்சியோ. நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். தொண்ணூறைத் தாண்டி, ஒரு மதியத் தூக்கத்தில் காலமானார். மூன்றாம் நாள் அடக்கப் பூசை. அதில் அல்டோதான் பேச வேண்டும் என்று மனைவி பிலோமினா கேட்டிருந்தார்.

"நீளமா வேண்டாம். ஆனா பொய் சொல்லாதே," என்றார் பிலோமினா. "போன தடவை அந்த ரொட்டிக்கடைக்காரரைப் புனிதராக்கிட்டே. நூன்சியோ வீட்டுக்கு வந்து விழுந்து விழுந்து சிரிச்சார். அவரை அப்படி ஆக்கிடாதே."

அல்டோவுக்குச் சுருக்கென்றது. பூசைக்கு முந்தின நாள் காலை முழுதும் வீடு வீடாக ஏறி இறங்கினார். நூன்சியோவைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார்.

"நல்ல மனுஷன்," என்றார்கள்.

"வேறே?"

யோசித்தார்கள். "ரொம்ப நல்ல மனுஷன்."

மதியம் அல்டோ நூன்சியோவின் வீட்டுக்குத் திரும்பியபோது ஃபாதர் சுவக்கின் முன்னறையில் உட்கார்ந்து பாதாம் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார்.

"ஃபாதர், போர் இல்லாத வருஷத்துக்குச் சரித்திரப் புத்தகத்துல ஒரு வரிகூட இருக்காது," என்றார் அல்டோ. "நூன்சியோ அந்த மாதிரி ஒரு ஆள். பதவி இல்லை. பட்டம் இல்லை. ஒரு சண்டைகூட இல்லை. கல்யாணம், பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க, குழாய். இவ்வளவு காலம் வாழ்ந்த மனுஷனைப் பத்திச் சொல்ல ஒரு கதைகூட இல்லாம போகுமா?"

குரு பிஸ்கட்டை முடித்தார். மடியிலிருந்த தூளைத் தட்டினார்.

"வாங்க," என்றார்.

அந்தத் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு சமையலறை. மேலே இருப்பது விருந்தாளிகள் பார்ப்பதற்கு. கீழே, நிலவறையில் இருப்பது சமைப்பதற்கு. கீழே அப்போது மொத்தக் குடும்பமும், பாதித் தெருவும் இருந்தன. குரு அவர்களைத் தாண்டிப் பக்கத்து பாய்லர் அறைக்குள் நுழைந்தார். நடுவே வெறும் பலகைத் தடுப்புதான். சுவரோரம் வீடு முழுவதற்கும் தண்ணீர் விடும் வால்வு, சிவப்பு வண்ணம் பூசிய பிடியோடு. அவசரத்தில் யாரும் தேடி அலையக் கூடாது என்று, வேலை செய்த இடமெல்லாம் நூன்சியோ அப்படிப் பூசிவைப்பார்.

குரு அந்தப் பிடியை இறுக மூடினார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஃபாதர், பக்கத்துல சமைச்சிட்டிருக்காங்க."

"தெரியும். வாசனை வருது. உட்காருங்க."

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு குழாய் செருமியது.

"தண்ணி வரலையே," என்றாள் மகள்.

"நல்லாத் திற."

"இதுக்கு மேல திறந்தா கையோட வந்துடும்."

"மேல பாத்தியா?"

"மேலயும் இல்லை."

மூத்த மகன் ரோக்கோ பல் மருத்துவர். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் டார்ச் விளக்கோடு மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"என்னடா தெரியுது?"

"பைப் தெரியுது."

பிலோமினா அடுப்பிலிருந்து தலையைத் திருப்பவில்லை. மாடிப்படிப் பக்கமாகக் குரலை மட்டும் உயர்த்தினார்.

"நூன்சியோ, தண்ணி நின்னுபோச்சு. வந்து பாருங்க."

கரண்டிச் சத்தம் நின்றது. எல்லாச் சத்தமும் நின்றது.

அல்டோ பதறி எழுந்து வால்வைப் பிடித்தார். குரு அவர் கைமேல் தன் கையை வைத்தார்.

அந்தப் பக்கம் முதலில் சிரித்தது பிலோமினாதான்.

"இன்னிக்கும் பாரு," என்றார். "ஊர்க் குழாயெல்லாம் முடிச்சிட்டுத்தான் நம்ம வீட்டுக்கு வருவார்."

வீடே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பக்கத்து வீட்டுக்காரி தொடங்கினாள்.

"எங்க பொண்ணு கல்யாணத்தன்னிக்குக் கழிவறை அடைச்சுக்கிச்சு. விருந்துக்கு வந்த மனுஷன், கோட்டைக் கழற்றி மாப்பிள்ளை கையில குடுத்துட்டு உள்ளே போனார். அப்புறம் கையைக் கழுவிட்டு வந்து பொண்ணோட ஆடினார்."

"ஞாயித்துக்கிழமை தட்டுல பாஸ்தா விழும்போதுதான் ஃபோன் அடிக்கும்," என்றார் ரோக்கோ, தொட்டிக்கு அடியிலிருந்தே. "அப்பா கிளம்பிடுவார். அவர் வர்ற வரைக்கும் அம்மா எங்களைத் தொட விடமாட்டா. கல்யாணம் ஆகிற வரைக்கும் பாஸ்தான்னா ஆறிப்போன பண்டம்னே நினைச்சிட்டிருந்தேன்."

"எங்கிட்ட அவர் பேசின முதல் வார்த்தை என்ன தெரியுமா?" என்றார் பிலோமினா. "'கொஞ்சம் தள்ளி நில்லு.' எங்க அப்பா வீட்டுல, இதே மாதிரி ஒரு தொட்டிக்கு அடியில படுத்திருந்தார். முகமே தெரியலை. பூட்ஸைத்தான் பாத்தேன்."

"பூட்ஸைப் பாத்தா சம்மதிச்சே?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"சுத்தமா இருந்துச்சு."

ஒருவர் முடிக்குமுன் இன்னொருவர் குறுக்கிட்டார். காலையில் இரண்டு சொல்லோடு கதவைச் சாத்தியவர்கள் இப்போது ஒருவர் வாயை ஒருவர் அடைத்துப் பேசினார்கள். அல்டோ இன்னொரு வாளியின்மேல் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்.

வெகுநேரம் கழித்து குரு வால்வைத் திறந்தார். அந்தப் பக்கம் குழாய் இருமி, துப்பி, கொட்டத் தொடங்கியது.

"நான்தான் சரி பண்ணேன்," என்றார் ரோக்கோ.

வெளியே வந்து நடக்கும்போது அல்டோவின் முகம் தெளிந்திருந்தது. கோயில் வாசலை நெருங்கியதும் மறுபடி சுருங்கியது.

"ஃபாதர், இதெல்லாம் அவங்க வாயில இருந்தப்போ உயிரோட இருந்துச்சு. நாளைக்கு நான் எடுத்துச் சொன்னா அது பிரசங்கம் ஆயிடும். நூன்சியோ மறுபடியும் சிரிப்பார். இதை நான் எப்படிப் பேசுறது?"

குரு கோயில் கதவைத் திறந்து, சீடர் முதலில் நுழைய வழிவிட்டார்.

"நம்ம பாய்லர் ரூம்லயும் ஒரு சிவப்புப் பிடி இருக்கு, அல்டோ."

மறுநாள் காலை, பூசை தொடங்குவதற்கு முன், கோயில் கூடத்தில் காபி போடப் போன பெண்கள் குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் வரவில்லை. அல்டோ பீடத்தருகே கைகூப்பி நின்றிருந்தார். அவருடைய வெள்ளை அங்கியில், முழங்கால் இருக்கும் இடத்தில், துரு படிந்திருந்தது.