சாத்தையன் கற்காத சொல்

கடல் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் தள்ளி இருந்த காலம் அது. கேட்கிறவர்கள் கிட்டே வாருங்கள். கொட்டாவி விடுகிறவர்கள் பின்னால் போய்விடுங்கள். அந்தக் காலத்தில் நுரைப்பட்டினம் என்று ஒரு துறைமுகம். அதை ஆண்டவர் வெண்குடையார். அவர் சபையில் சாத்தையன் என்று ஒரு துபாஷி. பிறநாட்டார் பேசுவதை அரசருக்குத் தமிழில் எடுத்துச் சொல்வது அவன் வேலை.

சாத்தையனுக்குப் பதினெட்டு மொழி தெரியும் என்று ஊர் சொன்னது. ஊர் ஏன் சொன்னது? சாத்தையன் சொன்னான், அதனால் சொன்னது.

நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கப்பல் வந்தால் ஓடிப்போய் அந்த நாட்டு மொழியில் மூன்றே மூன்று சொல் கற்றுக்கொள்வான். வணக்கம் சொல்ல ஒன்று, சாப்பாடு ஆயிற்றா என்று கேட்க ஒன்று, கோபம் வந்தால் திட்ட ஒன்று. அதற்குமேல் படிக்கலாம் என்பதற்குள் அடுத்த கப்பல் வந்துவிடும். இதைப் போட்டுவிட்டு அதற்கு ஓடுவான், ஆரம்பசூரன். வருகிற வணிகர்கள் பாதித் தமிழ் பேசுகிறவர்கள் என்பதால் அவன் பாடு ஓடியது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

அவன் மனைவி சீதேவிக்கு மட்டும் விஷயம் தெரியும். "பதினெட்டு கெணத்த முழங்கால் ஆழம் தோண்டி வச்சிருக்கீங்க. ஒண்ணுலயாச்சும் தண்ணி வருமா?" என்பாள். சாத்தையன் அவளைத் தனக்குத் தெரிந்த ஒரு மொழியில் திட்டுவான். அவளுக்குப் புரியாது என்பதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒருநாள், உடைந்த பலகையைக் கட்டிக்கொண்டு மிதந்து வந்த ஒருவனை மீனவர்கள் கரைசேர்த்துச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். அப்படி ஒரு முகத்தையும் அப்படி ஒரு குடுமியையும் அந்த ஊர் பார்த்ததில்லை. சாத்தையன் தன் பதினெட்டு வணக்கத்தையும் சொல்லிப் பார்த்தான். வந்தவன் பேந்தப் பேந்த விழித்தான்.

அரசர் கேட்டார்: "யார் இவன்?"

வந்தவன் கையை ஆட்டி, "லும்பா தாரோ கிலி மாயே, தாரோ மின் சாலும்பா" என்றான்.

சாத்தையனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் சபை முழுவதும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் தொண்டையைக் கனைத்தான். "அரசே, இவர் தூரத்துத் தீவின் தூதராம்!"

"அப்படியா! ஏன் வந்தாராம்?"

"லும்பா தாரோ கிலி மாயே, தாரோ மின் சாலும்பா."

"தங்கள் புகழைக் கேட்டுத் திறை கொண்டு வந்தாராம் அரசே!"

அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன திறை?"

"லும்பா தாரோ கிலி மாயே, தாரோ மின் சாலும்பா."

"ஒரு குடம் முத்தாம்!"

அரசர் நெற்றியைச் சுருக்கினார். "மூன்று தரமும் ஒரே மாதிரி கேட்கிறதே?"

"அது சிக்கனமான மொழி அரசே. சொல் கொஞ்சம், பொருள் நிறைய."

சபை தலையாட்டியது. தூதருக்கு விருந்து நடந்தது. பாவம், பசித்து வந்தவன். ஒன்பது அப்பம் தின்றான். கை கழுவியதும் அரசர் கேட்டார்: "முத்துக்குடம் எங்கே?"

ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும். சாத்தையனுக்கு அன்று ஒன்றுதான் கிடைத்தது. "நாளைக் காலையில் தருவாராம்" என்றான்.

மறுநாள் காலை வந்தது, முத்து வரவில்லை. அரசருக்குக் கோபம் வந்தது. அந்தச் சபையில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. துபாஷி சொன்னது வந்தவன் சொன்னதாகும், பொய்யென்றால் தண்டனையும் வந்தவனுக்கே. "என்னையா ஏய்த்தான்? யானைக்காலில் இடறுங்கள்!" என்றார் அரசர்.

இப்போது பாருங்கள், சாத்தையன் தலைக்கு ஓர் ஆபத்தும் இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். அவனுடைய பதினெட்டு மொழிப் பட்டமும் பத்திரமாக இருக்கும்.

யானை வந்தது. வந்தவனுக்கு ஒன்றும் தெரியாது. இதுவும் விருந்து மரியாதை என்று நினைத்துவிட்டான். தும்பிக்கையைத் தடவிக்கொடுத்தான். மடியில் சுருட்டி வைத்திருந்த வாழைப்பழத்தை எடுத்து, யானைக்குப் பாதி கொடுத்தான். மீதிப் பாதியைச் சாத்தையனிடம் நீட்டினான். இந்த ஊரில் தன்னோடு பேசிய ஒரே மனிதன் இவன்தானே என்று அவனைப் பார்த்துச் சிரித்தான்.

சாத்தையன் அந்தப் பாதிப் பழத்தைக் கையில் வாங்கினான். 'அடப்பாவி, என்னையா நம்புகிறாய்!' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஒரு சொல் தொண்டைவரை வந்து நின்றது. பதினெட்டு மொழியில் ஒன்றில்கூட அவன் அந்தச் சொல்லைக் கற்றிருக்கவில்லை. தமிழில்தான் வந்தது, அதுவும் அழுகையோடு.

"தெரியாது அரசே! எனக்குத் தெரியாது! இவர் பேசியதில் ஒரு எழுத்துகூட எனக்குத் தெரியாது! தூதரும் நான் சொன்னது, முத்தும் நான் சொன்னது. இடறுவதென்றால் என்னை இடறுங்கள்!"

யானைப்பாகன் யானையை நிறுத்தினான். அரசர் சாத்தையனை முறைத்தார்.

"உன்னை இடறினால் நீ ஒரு நொடியில் தப்பிவிடுவாய்," என்றார். "இவர் மொழியை அடி முதல் நுனி வரை கற்றுக்கொள். அதுவரை இவருக்கு உன் வீட்டில்தான் சோறு. கற்றுமுடித்து, அன்று இவர் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்ல வேண்டும்."

ஒன்பது அப்பம் தின்கிற விருந்தாளி! சீதேவி தலையில் கைவைத்தாள். ஆனால் அடுப்படியில் பாடம் தொடங்கியது. சாத்தையன் உப்பைக் காட்டிக் கேட்டான், உலக்கையைக் காட்டிக் கேட்டான், புரியாதபோது தெரியாது என்று கையை விரித்தான். விரிக்க விரிக்க விருந்தாளி உற்சாகமாகச் சொல்லிக்கொடுத்தார். துறைமுகத்துக்குப் புதுக் கப்பல் வந்தது. சாத்தையன் எழுந்து ஓடவில்லை. பதினெட்டில் வராத தண்ணீர் இந்த ஒற்றைக் கிணற்றில் வந்தது.

மழைக்காலம் போய்ச் சாத்தையன் சபைக்கு வந்தான். அரசர் ஆவலோடு முன்னே சாய்ந்தார். "அன்று என்ன சொன்னார்?"

சாத்தையன் தலையைச் சொறிந்தான். "மூன்று தரமும் ஒன்றுதான் சொன்னார் அரசே."

"அதுதான் என்ன?"

"'இங்கே என் மொழி யாருக்காவது தெரியுமா? தெரியாவிட்டால் கையை விரித்துக் காட்டிவிடுங்கள். நான் அடுத்த ஊருக்குப் போய்க்கொள்கிறேன்' என்றார்."

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். சபை சிரித்தது. என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று சாத்தையன் எடுத்துச் சொன்னதும் விருந்தாளியும் சிரித்தார். சாத்தையன் மட்டும் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

ஆகவே கேட்டவர்களே, எத்தனை மொழி கற்க ஆசைப்பட்டாலும் ஒருவன் முதலில் கற்கவேண்டிய சொல் 'எனக்குத் தெரியாது' என்பதே.