தூவி வேண்டாம் என்ற கூடு

இது எனக்குச் செவிவழியாக வந்த கதை. விடுதியில் என்னோடு தங்கியிருந்த தோழி சொன்னாள். அவளுக்குச் சொன்னது யார் என்று அவளுக்கே நினைவில்லை.

ஏரிக்கரை ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிகள் வாழ்ந்தன. பாதிக் கூடு முடைந்ததும் ஆண்குருவி ஒரு பெண்குருவியை அழைக்கும். அவள் வந்து பார்ப்பாள். பிடித்தால் ஜோடி சேர்வாள்; பிடிக்காவிட்டால் பறந்துவிடுவாள்.

கீற்றன் என்ற இளங்குருவி தன் முதல் கூட்டைப் பார்க்க, குருவிப் பள்ளியில் கூடப் படிக்கும் தூவியை அழைத்தான்.

தூவி சுற்றிப் பார்த்தாள். "கூடு நல்லாத்தான் இருக்கு, கீற்றா. ஆனா உன்னோட ஜோடி சேர எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த கிளையில் அவன் கூட்டாளி மொட்டையன் உட்கார்ந்திருந்தான். "என்ன மாப்ளே, ஊருக்குப் போய் லெட்டர் போடுறேன்னு சொல்லிட்டாளா?"

கீற்றனுக்கு முகம் சுட்டது. "அவ என்ன வேண்டாங்கிறது? கூடு முடைய வச்சிருந்த என் நாரைத் திருடினா. நான்தான் விரட்டிட்டேன்" என்றான்.

விடிவதற்குள் மரம் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. பள்ளியில் தூவியைக் கண்டாலே மற்றவர்கள் தங்கள் நாரைக் காலடியில் மறைத்துக்கொண்டார்கள். இரை தேடப் போகும்போதும் அவளைச் சேர்க்கவில்லை. அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டு, வயல் வரப்பில் தனியாக நெல் பொறுக்கினாள். கீற்றன் அதைப் பார்த்தான். பார்க்காதவன் போலத் திரும்பிக்கொண்டான்.

ஒருநாள் வல்லூறு அவள்மேல் பாய்ந்தது. கூட்டத்தோடு இருந்திருந்தால் யாராவது கத்தி எச்சரித்திருப்பார்கள். முள்வேலிக்குள் புகுந்து உயிர் தப்பினாள். வால் இறகுகள் போயின.

"திருடிக்கு வேணும்" என்றான் மொட்டையன். கீற்றன் வாயிலிருந்த நெல்லைக் கீழே போட்டுவிட்டான்.

அன்று எல்லோரும் மரத்தில் வந்து அடைந்தபோது அவன் தலையைத் தூக்காமலே சொன்னான். "தூவி எதையும் திருடல. என்னை வேண்டாம்னு சொன்னா, அவ்வளவுதான். எனக்கு அவமானமா இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன்."

மொட்டையன் மட்டும் சிரித்தான். மற்ற யாரும் கீற்றனின் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பிறகு தூவியிடம் போய் மன்னிப்புக் கேட்டான்.

"எல்லார் முன்னாடியும் சொன்னது சரி. நாளைக்கு நான் பள்ளிக்கு வருவேன். ஆனா நீ என் பக்கத்துல உட்காராதே" என்றாள் தூவி.

மறுநாள் கீற்றன் கடைசிக் கிளையில் போய் உட்கார்ந்தான்.

வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. அதற்காக அவர் பெயரைக் கெடுப்பவர்தான் வெட்கப்பட வேண்டும்.

பின்னால் தேடிப் படித்துப் பார்த்தேன்: பெண் தூக்கணாங்குருவி பாதிக் கூட்டைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போவது உண்மைதான், ஆண்குருவி பெரும்பாலும் அந்தக் கூட்டை விட்டுவிட்டு வேறொன்று முடையத் தொடங்கும்.