முன்னால் வண்டி இல்லாத ஜீப்

மட்டிக்குளத்துக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்களில் என்னென்னவோ சொல்வார்கள். எல்லாம் பொறாமை. அவர்கள் அப்படி ஒன்றும் புத்தி கெட்டவர்கள் இல்லை. பெரியவர்கள் ஒரு சொல் சொன்னால் அதை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். நம்மில் எத்தனை பேர் சொன்ன பேச்சைக் கேட்கிறோம், நீங்களே சொல்லுங்கள்.

அந்த ஊரில் உச்சிமாகாளி என்று ஒருவன் வாழைத்தார் ஏற்றும் பழைய ஜீப் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை, பஸ் ஓட்ட வேண்டும். ஜீப் ஓட்டுகிறவனை ஊர் 'ஏலே' என்று கூப்பிடும். பஸ் ஓட்டுகிறவனை 'டிரைவர் அண்ணாச்சி' என்று கூப்பிடும். அந்த அண்ணாச்சிப் பட்டத்துக்காகப் பாவி மனுஷன் தூக்கம் கெட்டுக் கிடந்தான்.

அம்மன் ஒருவழியாகக் கண் திறந்தாள். ரைஸ்மில் செல்லத்தாய் ஆச்சி ஊருக்கென்று புது மினி பஸ் வாங்கினாள். டிரைவர் வேலை கேட்டு மூன்று பேர் வந்து நின்றார்கள். கல்லுவிளை சவுந்தரபாண்டி காரோடு வந்தான். பக்கத்து ஊர் மீன்கார ஜெபராஜ் வேனோடு வந்தான். மூன்றாவது ஆள் நம் மாகாளி. ஆச்சி மட்டிக்குளத்தில் பிறந்து மட்டிக்குளத்திலேயே வாக்கப்பட்டவள், குழப்பமில்லாமல் பேசுவாள்.

"டவுன் ரோடு பிரியுற விலக்குலேருந்து நம்ம அம்மன் கோயில் வரைக்கும் மூணு பேரும் ஓட்டிட்டு வாங்க. முதல்ல வாரவன்தான் நம்ம பஸ்ஸுக்கு டிரைவர்" என்றாள்.

மாகாளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டவுனில் பந்தய வண்டிகளுக்கெல்லாம் வேலை பார்த்த மெக்கானிக் சேவியர் இருக்கிறாரே, அவரிடம் போய் நின்றான். சேவியர் ஸ்பானரைக் கீழே வைக்காமலே மூன்று விஷயம் சொன்னார்.

"கொடி அசைஞ்சாத்தான் வண்டியை ஓட்டணும். ரெண்டு கையும் ஸ்டீரிங்கை விட்டு எடுக்கப்படாது. முன்னால போற வண்டி மேல வச்ச கண்ணை எடுக்கவே கூடாது. இந்த மூணையும் செஞ்சா நீதாம்ல ஜெயிப்ப."

மாகாளி அதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே ஊர் வந்து சேர்ந்தான்.

இரண்டு கையும் ஸ்டீரிங்கில் இருந்தால் கியர் யார் போடுவது? அதற்குச் சித்தப்பா நம்பிராஜன் பக்கத்தில் உட்கார்ந்தார். சித்தப்பா பெரிய யோசனைக்காரர். அவர் ஒரு யோசனையை ஆரம்பித்தால், எதிரே நிற்பவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். ஓட்டுகிறபோது மூக்கு அரித்தால் சொறிந்துவிட மச்சான் தளவாய் பின்னால் ஏறிக்கொண்டான்.

பந்தயத்தன்று விலக்கில் ஒருவர் பச்சைக் கொடியை ஆட்டினார். மூன்று வண்டியும் பாய்ந்தன. கொடிக்காரர் வேலை முடிந்தது என்று கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். கண்ணாடியில் அதைப் பார்த்த மாகாளி, போட்டானே ஒரு பிரேக்!

"என்னாச்சுலே?" என்று பதறினார் சித்தப்பா.

"கொடி அசையலையே சித்தப்பா!"

சித்தப்பா திரும்பிப் பார்த்தார். உண்மைதான். "நம்ம ஊர் போய்ச் சேருற வரைக்கும் அந்த ஆளு அங்கே நின்னு ஆட்டினாலும் நமக்குத் தெரியாதே. ஏலே தளவாய், போய் அந்தக் கொடியை வாங்கிட்டு வா" என்றார்.

தளவாய் ஓடிப்போய்க் கொடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து, ஜீப்பின் பின்பக்கத்தில் ஏறி நின்று ஆட்ட ஆரம்பித்தான். ஜீப் கிளம்பியது. அவன் கை வலித்து நிறுத்தினால் ஜீப்பும் நிற்கும். கை மாற்றி ஆட்டினால் ஓடும்.

இந்த லட்சணத்திலும் ஜீப் நன்றாகத்தான் ஓடியது. ஓர் ஆட்டு மந்தைக்குள் சிக்கித் தவித்த ஜெபராஜின் வேனைத் தாண்டினார்கள். தூரத்தில் சவுந்தரபாண்டியின் கார் தெரிந்தது. மாகாளி அதன் மேல் கண்ணை வைத்தான். இமைக்கக்கூட இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியப் பார்த்தான். அதைத் துடைக்கவும் கை கிடையாது. தளவாய்தான் ஒரு கையால் கொடியை ஆட்டிக்கொண்டு மறு கையால் துடைத்துவிட்டான்.

சவுந்தரபாண்டி கண்ணாடியில் பார்த்தான். பின்னால் ஒருத்தன் விழியைப் பிதுக்கிக்கொண்டு அழுதபடி துரத்தி வருகிறான். என்ன பாவம் செய்தோமோ என்று பயந்துபோய்க் காரை ஓரங்கட்டினான். ஜீப் அவனைத் தாண்டிப் போய்விட்டது. இப்போது ஜீப்தான் முதல்.

மாகாளி ஐயோ என்று அலறி ஜீப்பை நிறுத்தினான்.

"சித்தப்பா, முன்னால வண்டியையே காணோம்! நான் கண்ணை எங்கே வைக்க?"

"சேவியர் என்ன சொன்னாரு?"

"முன்னால போற வண்டி மேல வச்ச கண்ணை எடுக்கப்படாதுன்னாரு."

"அப்போ முன்னால ஒரு வண்டி இல்லாம நாம எப்படிலே ஜெயிக்க முடியும்?" என்றார் சித்தப்பா. "பொறு. யாராவது வரட்டும்."

மூன்று பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஆட்டு மந்தையிலிருந்து மீண்ட ஜெபராஜ் வந்தான். "என்னவே, ரிப்பேரா?" என்று கேட்டான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லவே, நீரு முன்னால போவும்" என்று மாகாளி கெஞ்சினான். ஜெபராஜ் இவர்களை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான். இப்போது வேன் முதல்.

கொஞ்ச தூரத்தில் வேன் புகைந்து நின்றுவிட்டது. மறுபடியும் ஜீப் முதல், மறுபடியும் பிரேக்.

"எறங்கித் தள்ளுங்கலே!" என்றார் சித்தப்பா. சித்தப்பாவும் தளவாயும் இறங்கி, எதிராளியின் வேனை வேர்க்க விறுவிறுக்கத் தள்ளினார்கள். ஜெபராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க ஊரைப் போயி நாங்க என்னெல்லாம் பேசியிருக்கோம்" என்று தழுதழுத்தான். வேன் உயிர் பெற்று முன்னால் ஓடியது. அதற்குள் மனசு தேறிய சவுந்தரபாண்டி இரண்டு வண்டியையும் தாண்டினான். ரயில்வே கேட் பக்கம் ஜெபராஜ் அவனை முந்தினான். பாலத்தில் மாகாளி இரண்டு பேரையும் முந்தி, முந்திய வேகத்தில் பிரேக் போட்டு, இரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிட முடியாமல் தலையால் கும்பிட்டு முன்னால் அனுப்பிவைத்தான்.

கடைசி ஏற்றம் வந்தது. ஏற்றத்தில் வேனும் காரும் திணறின. வாழைத்தார் ஏற்றிப் பழகிய ஜீப்போ குதிரை மாதிரி ஏறி உச்சியில் போய் நின்றது. கீழே அம்மன் கோயில் தெரிந்தது. வாசலில் மினி பஸ் மாலை போட்டுக்கொண்டு நின்றது. முன்னால் ஒரு வண்டியும் இல்லை.

மாகாளி ஸ்டீரிங்கில் தலையை வைத்து அழுதேவிட்டான். "கைக்கு எட்டுனது வாய்க்கு எட்டலையே சித்தப்பா! பஸ்ஸு அந்தா நிக்கே!"

சித்தப்பா யோசித்தார். பின்னால் வேனும் காரும் உறுமிக்கொண்டு ஏறி வந்தன. சித்தப்பா அவசரப்படவில்லை.

"மாகாளி, அவனுவ எங்கே வாரானுவ?"

"நமக்குப் பின்னால."

"நீ இப்படித் திரும்பி உக்காந்திருக்கியே, அதனாலதாம்ல அது பின்னால. ஜீப்பை அவனுவளைப் பாத்துத் திருப்பு. அப்புறம் அவனுவ உனக்கு முன்னால வருவானுவ. நான் ரிவர்ஸ் கியரைப் போடுதேன்."

மாகாளிக்கு உடம்பு புல்லரித்தது. இப்படி ஒரு மூளை சொந்தத்தில் இருக்க, டவுன் வரைக்கும் போய் அலைந்தோமே என்று வருத்தப்பட்டான்.

ஜீப் திரும்பியது. சித்தப்பா கியரைப் போட்டார். தளவாய் பின்னால் நின்று கொடியை ஆட்டிக்கொண்டே "இடது! வலது! கோழி! கோழி!" என்று கத்தினான். மாகாளி காரின் மேலும் வேனின் மேலும் வைத்த கண் வைத்தபடி, ஜீப்பைப் பின்பக்கமாகவே விரட்டினான். ஊர் ஜனம் விசிலடித்தது. ஜீப் கோயில் வாசலைத் தொட்டது. சந்தோஷத்தில் தளவாய் கொடியைக் கீழே போட, ஜீப் நின்றது. சவுந்தரபாண்டியும் ஜெபராஜும் அப்புறம்தான் வந்து சேர்ந்தார்கள்.

ஆச்சி மாலையோடு வந்தாள். மாகாளி கழுத்தை நீட்டவில்லை.

"வேண்டாம் ஆச்சி. என் மேல இரக்கப்பட்டுப் போடாதீக. கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் எனக்கு முன்னாலதான் வந்தானுவ. என் ரெண்டு கண்ணால பாத்தேன். நான்தான் கடைசி" என்று விம்மினான்.

ஊரே திகைத்துப் போனது. ஜெயித்தவன் பொய் சொல்ல மாட்டானே! "அவன் சொல்லுறது நிசந்தான். நானும் பாத்தேன்" என்று சித்தப்பாவும் சாட்சி சொன்னார். சவுந்தரபாண்டி ஏதோ சொல்ல வாயைத் திறந்து, இவர்களிடம் போய் என்னத்தைச் சொல்ல என்று மூடிக்கொண்டான்.

ஆச்சி மாலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். அப்புறம் தீர்ப்புச் சொன்னாள்.

"சரிலே, நீ கடைசின்னே வச்சுக்கிடுவோம். கடைசியா வரும்போதே எல்லாருக்கும் முந்தி வந்து நிக்கியே, முதல்ல வந்தா எம்புட்டுச் சீக்கிரம் வருவே? நீதாம்ல நம்ம டிரைவர்!"

ஊர் கைதட்டியது. என்ன இருந்தாலும் ஆச்சி ஆச்சிதான் என்று பேசிக்கொண்டார்கள். யாரோ ஒருவர் கூட்டத்திலிருந்து "டிரைவர் அண்ணாச்சி!" என்று கூப்பிட, மாகாளி மறுபடியும் அழுதான். இது வேறு அழுகை.

மறுநாள் காலையில் பஸ் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஜனம் நிறைந்து வழிந்தது. மாகாளி இரண்டு கையையும் ஸ்டீரிங்கில் வைத்தான். பஸ் நகரவில்லை.

"முன்னால வண்டி இல்லையே ஆச்சி" என்றான்.

"நேத்து மாதிரி ரிவர்ஸ்ல போயேம்ல" என்றார் ஒருவர்.

"புது பஸ்ஸு பின்பக்கமாப் போனா சகுனம் ஆகாது" என்று ஆச்சி மறுத்துவிட்டாள்.

சித்தப்பா யோசித்தார். பஸ்ஸுக்கு முன்னால் பழைய ஜீப்பை விடுவது என்று முடிவானது. ஜீப்பை யார் ஓட்டுவது? தளவாய் இருக்கிறானே. பந்தயத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்து அவனும் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தான், ஆனால் ரிவர்ஸ் மட்டும்தான். அதுவும் நல்லதாகப் போயிற்று. ஜீப்புக்கும் முன்னால் ஒரு வண்டி வேண்டுமே!

அன்றிலிருந்து டவுன் ரோட்டில் தினமும் ஜீப் பின்பக்கமாகவும், அதைப் பார்த்துக்கொண்டே பஸ் முன்பக்கமாகவும் போகின்றன. மாகாளி இமைக்காமல் தளவாயைப் பார்க்கிறான், தளவாய் இமைக்காமல் மாகாளியைப் பார்க்கிறான். பஸ்ஸில் ஒரு கையால் கியர் போட்டு மறு கையால் கொடி ஆட்டுவது சித்தப்பா.

ஒருநாள் டவுன் ஸ்டாண்டில் ஒரு வெளியூர்க்காரர் இந்த ஊர்வலத்தைப் பார்த்து அசந்து நின்றார். ஜீப்பில் மட்டிக்குளமே தொங்கிக்கொண்டு வந்து இறங்கியது. பின்னால் வந்த மினி பஸ்ஸில் ஒரு ஈ, காக்கா இல்லை.

"ஏம்மா, பஸ்ஸு காலியாத்தானே வருது? ஏன் எல்லாரும் ஜீப்புல தொங்குதீக?" என்று ஒரு பெண்ணைக் கேட்டார்.

அவள் இவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஜீப்புதானே முதல்ல வந்து சேருது? நாங்க முன்கூட்டியே வந்து நின்னாத்தான், பின்னால வார பஸ்ஸுல ஓடிப்போய் இடம் பிடிக்க முடியும்!"