மச்சானுக்கு மூன்று காவல்

முத்துக்கரை கால்பந்து அணிக்குத் தலைவர் சூசைமிக்கேல். ஆட்டத்துக்கு ஆட்டம் தன் மச்சான் ஆன்றனியைத்தான் முன்னால் நிறுத்துவார். அவனோ கோலை விட்டுவிட்டு வானத்துக்குப் பந்தடிப்பான். பார்த்துப் பார்த்து மீன்காரி பிரகாசிக்கு வயிறெரிந்தது.

இறுதி ஆட்டத்தன்று, "அவனை உட்கார வையுங்கண்ணே" என்றாள்.

"ஒருத்தனையும் மாத்தமாட்டேன். இதே ஆளுங்களோட நீ ஜெயிச்சுக் காட்டு. இல்லேன்னா இனி மைதானத்துப் பக்கம் வராதே" என்றார் தலைவர்.

பிரகாசி தலையிலடித்துக்கொண்டு நேரே எதிரணிப் பயிற்சியாளரிடம் போனாள். "எங்க தலைவர் ஆன்றனியைத்தான் மலைபோல நம்பியிருக்கார்" என்றாள். அதில் பொய்யில்லை.

ஆட்டம் தொடங்கியதும் எதிரணியில் மூன்று பேர் ஆன்றனியை ஒட்டிக்கொண்டே ஓடினார்கள். காலியான இடத்தில் முத்துக்கரையின் மற்ற ஆட்டக்காரர்கள் புகுந்து இரண்டு கோல் போட்டார்கள்.

கோப்பையோடு வந்த தலைவர், "என் தேர்வு எப்படி?" என்று கேட்டார்.

"அருமைண்ணே. பந்து மட்டும் அவன் காலுக்கு வராம பார்த்துக்கிட்டா, நமக்குத் தோல்வியே இல்லை."